பாட்டுப் போட்டால் களைப்புக் குறையுமா? வி.ஆர். பயிற்சியில் நீங்களே சோதித்துப் பார்க்க

மட்டக்களப்பு வெக்கையில் கல்லடிக் கடற்கரைக்கு ஓடப் போவதென்றாலும் வெயில் தாழ வேண்டும். அதுவரை வீட்டுக்குள் வி.ஆர். (மெய்நிகர் உலகத்தைக் கண்முன் காட்டும்) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குத்துச்சண்டை ஆடுபவர்களுக்கு இந்தச் சோதனை.

1. முதலில் தலைக்கு மேலே பாருங்கள். கை வீசும்போது சீலிங் ஃபேன் தட்டக்கூடாது. மேசைக் காற்றாடியைப் போட்டு, கடைசி வரை ஒரே வேகத்தில் விடுங்கள். வெக்கை கூடினாலே நாடித்துடிப்பும் கூடிவிடும், கணக்குக் குழம்பும்.

2. சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் தந்த, உடம்பு எவ்வளவு கஷ்டப்படுவதாக உணர்கிறோம் என்பதை எண்ணில் சொல்லும் 6 முதல் 20 வரையான அளவுகோலைப் பழகுங்கள். 6 என்றால் சும்மா இருப்பது, 13 கொஞ்சம் கஷ்டம், 17 மிகவும் கஷ்டம், 20 இனி முடியாது. ஹெட்செட்டுக்குள் இருந்து எழுத முடியாதே. “அண்ணா, இப்ப எத்தன?” என்று தங்கச்சி கேட்டுக் குறிக்கட்டும்.

3. சத்தத்தை முழுதாக நிறுத்தி 6 நிமிடம் ஆடுங்கள். முடிந்ததும் எண்ணைச் சொல்லி, மணிக்கட்டில் 15 செக்கன் நாடி எண்ணி நாலால் பெருக்குங்கள்.

4. நாடி பழைய நிலைக்கு வந்தபின் அதே ஆட்டம், அதே 6 நிமிடம், பாட்டோடு. நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு வரும் பாட்டு நல்லது. கூத்து மத்தளம்போல் போகப் போக முடுகும் பாட்டு வேண்டாம். கையும் சேர்ந்து முடுகிவிடும். ‘பீட் சேபர்’ மாதிரித் தாளத்துக்கு வெட்டும் விளையாட்டும் இதற்குத் தோதுப்படாது. சத்தமில்லாமல் ஆடினால் வெட்டு தடுமாறும், களைப்பு எது எரிச்சல் எது என்று பிரிக்க முடியாது.

5. மறுநாள் பாட்டை முதலில் வைத்து வரிசையை மாற்றுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் முதலாவதின் அலுப்பும் இருக்கும் அல்லவா?

இனி எண்களைப் பாருங்கள். நாடி ஏறத்தாழ ஒன்றாக இருக்க, சொன்ன எண் மட்டும் இறங்கியிருந்தால் அது பாட்டின் வேலை. மூச்சு வாங்குவதையும் தோள் உளைவதையும் கவனிக்க வேண்டிய மனம் பாட்டின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆனால் இது மிதமான வேகத்தில்தான் நன்றாகப் பலிக்கும். மூச்சு முட்டுமளவுக்கு ஆடினால் எந்தப் பாட்டும் உடம்பின் முறைப்பாட்டை மறைக்காது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது சுற்று: பாட்டை நிறுத்தி, குத்து விழும் சத்தத்தை மட்டும் விடுவது. ‘டம்’ என்று கனமாக விழுந்தால் கை எப்படி உணர்கிறது, சத்தமே வராவிட்டால் எப்படி என்று ஒப்பிடுங்கள். நடப்பவரின் காலடிச் சத்தத்தில் கீச்சுப் பகுதியைக் கூட்டிக் கேட்கவைத்தபோது, உடம்பு இலேசானதாக உணர்ந்ததாக லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை உலராது, உடம்பின் சூடும் இலகுவில் இறங்காது. பாட்டுக் கேட்கையில் “இன்னும் ஆடலாம்” என்று தோன்றும்; அந்த நேரம் நாடியை நம்புங்கள். தலை சுற்றினால் உடனே கழற்றிவிட்டு உட்காருங்கள். தங்கச்சி கூப்பிடுவது காதில் விழுமளவுக்கே சத்தம் வையுங்கள்.