கடலூர் ஓ.டி.யிலிருந்து லிஃப்ட் கேட்டுப் போவது எப்படி?

கடலூர் முதுநகர் (ஓல்ட் டவுன், சுருக்கமாக ஓ.டி.) துறைமுகத்துக்கு வெளியே நின்றுகொண்டு, போகிற வண்டிக்கெல்லாம் கை காட்டுகிற புதியவர்களை அடிக்கடி பார்க்கலாம். ஒரு வண்டியும் நிற்காது. ஓடுகிற வண்டியை நிறுத்துவதைவிட, நிற்கிற வண்டிக்காரரிடம் போய்க் கேட்பது எவ்வளவோ சுலபம். ஓ.டி.யில் ஏலக்கூடம், டீக்கடை, பெட்ரோல் பங்க் என்று வண்டி நிற்கிற இடங்களுக்குப் பஞ்சமே இல்லை.

1. திசையைப் பாருங்கள்

முதுநகரிலிருந்து வெளியேற மூன்று வழி. வடக்கே திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் தாண்டிப் புதுச்சேரி. தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம். மேற்கே குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர்.

புதுச்சேரிக்கு என்றால் லிஃப்ட் ஆசையை விட்டுவிடுங்கள். டவுன் பஸ்ஸில் பஸ் ஸ்டாண்ட் போனால் அடுத்தடுத்துப் புதுச்சேரி பஸ் இருக்கும். இல்லை, லிஃப்ட்தான் வேண்டும் என்கிறவர்கள் ஆல்பேட்டை வரை பஸ்ஸில் போய், தென்பெண்ணைப் பாலத்தை நடந்தே தாண்டி அந்தக் கரையில் நிற்கலாம். ஊர் நெரிசல் அங்கேதான் முடிகிறது.

திரும்பி வரும்போது மட்டும் கவனம். புதுச்சேரியில் மது விலை குறைவு. அதனால் எல்லையிலும் ஆல்பேட்டையிலும் போலீஸ் வண்டிகளைச் சோதிப்பது வழக்கம். ஒரு பாட்டில்தானே என்று பையில் போட்டுக்கொண்டு அடுத்தவர் வண்டியில் ஏறாதீர்கள். மாட்டினால் அவருடைய வண்டியும் சேர்ந்து நிற்கும். அதே மாதிரி, பைக் ஓட்டுகிறவர் "தம்பி, இதைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கோ" என்று கட்டைப்பையைக் கொடுத்தால், இங்கேயே வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிடுங்கள்.

2. ஹெல்மெட் எடுத்துக்கொள்ளுங்கள்

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். உங்களை ஏற்றினால் தன் பாக்கெட்டில் கை வைத்துவிடுவார்களோ என்பதுதான் பைக் ஓட்டுகிறவரின் முதல் பயம். ஹெல்மெட்டைப் பைக்குள் வைக்காமல், சாலைப் பக்கமாகக் கையில் தொங்கவிட்டு நில்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே விஷயம் அவருக்குப் புரிந்துவிடும். சிதம்பரம் சாலையில் இது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே ஷிஃப்ட் முடிந்து தனியாக வீடு திரும்பும் சிப்காட் ஆட்கள் அதிகம். பகல் 2 மணிக்குப் பிறகான அரை மணி நேரம் நல்ல நேரம். வேகத்தடையைத் தாண்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். வண்டி ஏற்கெனவே மெதுவாகியிருக்கும். டேங்கர் லாரிக்குக் கை காட்டவே வேண்டாம்.

3. மீன் வண்டியிடம் கேட்பது

விடிகாலையில் ஏலம் முடிந்ததும் மீன் பெட்டிகள் குட்டி யானையிலும் மினி லாரியிலும் ஏறும். பெட்டியில் ஒரு வரிசை மீன், மேலே ஒரு அள்ளு உடைத்த ஐஸ், மறுபடி மீன் என்று அடுக்கி, தார்பாய் போட்டுக் கயிறு இறுக்குவார்கள். அந்தக் கயிறு கட்டுகிற நேரம்தான் கேட்க வேண்டிய நேரம். அதற்கு முன்னால் ஏலக் கணக்கில் இருப்பார்கள், காதில் விழாது. வண்டி கிளம்பிவிட்டால் ஐஸ் உருகும் அவசரம், யாருக்காகவும் நிறுத்தமாட்டார்கள்.

ஏறினால் டிரைவர் பக்கத்து இருக்கையில் மட்டும். பின்னால் பெட்டிமேல் உட்காரச் சொன்னால் வேண்டாம். அது சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிறவருக்கு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பையைக் காலடியில் வைக்காமல் மடியில் வையுங்கள். மீன் தண்ணீர் ஒருமுறை துணியில் பட்டால் நாலு தடவை துவைத்தாலும் நாற்றம் போகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் மீன் வண்டியும் குறைந்துவிடும். அந்த மாதங்களில் இந்த வழியை நம்பாதீர்கள்.

4. எப்படிக் கேட்பது?

போக வேண்டிய ஊரைச் சொல்லாதீர்கள், அடுத்த ஊரைச் சொல்லுங்கள். "அண்ணே, சேலம் போகணும்" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "அண்ணே, குறிஞ்சிப்பாடி வரைக்கும் வருமா?" என்றால் யோசிப்பார். வழியில் பேச்சு வளர்ந்தால் அவரே "எதுவரைக்கும் போறீங்க?" என்று கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம். லாரி, லோடு ஆட்டோ என்றால் காசு பேச்சை ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். பஸ் டிக்கெட் அளவு கேட்பது சகஜம், கொடுக்கலாம். பைக் ஓட்டுகிறவரிடம் காசு நீட்டாதீர்கள், கோபித்துக்கொள்வார். வண்டி எண்ணை வீட்டுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டு ஏறுவது எல்லாருக்கும் நல்லது. தனியாகப் போகும் பெண்களுக்கு, குடும்பத்தோடு போகும் காரைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

5. மேற்கே போகிறவர்களுக்கு

எனக்குப் பிடித்த வழி இதுதான். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அந்தக் கல்லே மிதந்து அவரைக் கரை சேர்த்தது என்று சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் முதுநகருக்குப் பக்கத்தில்தான். கேட்காமலே லிஃப்ட் கிடைத்த ஒரே ஆள்!

வடலூர் 30 கிலோமீட்டருக்கு மேல். ஒரே வண்டியில் கிடைக்கவில்லை என்றால் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி என்று துண்டு துண்டாகப் போங்கள். வடலூரில் பண்ருட்டி–கும்பகோணம் சாலை குறுக்கே வருவதால் நாலு பக்கமும் வண்டி உண்டு. பசித்தால் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலைக்குப் போங்கள். யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். சாப்பிட்டுவிட்டு நாற்சந்தியிலேயே நிற்காதீர்கள். அங்கே பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மறைத்துக்கொண்டு நிற்கும். நெய்வேலிப் பக்கம் போகிறவர்கள் கடைகள் முடியும் இடம்வரை நடந்து, நிழல் பார்த்து நின்றால் போதும்.