ஆக்செல் ஹொன்னெத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ஜெர்மன் தத்துவவாதி ஆக்செல் ஹொன்னெத்தைப் படிக்கத் தொடங்குபவர் அவருடைய மையக் கருத்தான ‘அங்கீகாரம்’ என்ற சொல்லுக்கு வரையறை தேடிக்கொண்டு போனால், அக்கருத்துக்கு மூலமான, தத்துவவாதி ஹெகல் யேனா நகரில் இருந்த காலத்து எழுத்துகளுக்குள் சிக்கிப் பாதியிலேயே களைத்துவிடுவார். வரையறையை ஒத்திவைத்துவிட்டு, அவமதிப்பிலிருந்து தொடங்குங்கள். மதிப்பு என்றால் என்னவென்று கேட்டால் திணறுகிற நமக்கு, மதிக்கப்படாதபோது அது உடனே உறைத்துவிடுகிறது. அந்த உறைப்புதான் ஹொன்னெத்தின் சிந்தனைக்கு வாசல்.

1992இல் வெளிவந்த ‘அங்கீகாரத்துக்கான போராட்டம்’ ஒன்பது இயல்கள் கொண்டது. ஐந்தாம், ஆறாம் இயல்களை முதலில் படியுங்கள். அன்பிலிருந்து தன்னம்பிக்கையும், சம உரிமையிலிருந்து சுயமரியாதையும், நம் ஆற்றலையும் பங்களிப்பையும் பிறர் மதிப்பதிலிருந்து தன்மதிப்பும் உருவாகின்றன என்று அங்கே காட்டும் அவர், உடல்மீது இழைக்கப்படும் வன்முறை, உரிமை மறுப்பு, வாழ்முறையை இழிவாக்குதல் என்ற மூன்றும் முறையே அவற்றைச் சிதைக்கின்றன என்கிறார். தமிழில் சுயமரியாதை, தன்மதிப்பு என்ற இரு சொற்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், எந்த இடத்தில் உரிமையைப் பற்றிப் பேசுகிறார், எந்த இடத்தில் பங்களிப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

‘அங்கீகாரம்’ என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. பள்ளிக்கு அங்கீகாரம், கட்சிக்கு அங்கீகாரம் என்று நாம் சொல்லும்போது, மேலே இருக்கும் ஒருவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது என்ற பொருளே முன்னிற்கிறது. ஹொன்னெத் பேசுவதோ இருவரும் ஒருவரையொருவர் ஏற்பது. கொடுப்பவரின் சுயமும் அந்த உறவில்தான் உருப்பெறுகிறது. அச்சொல் வரும்போதெல்லாம் ‘பரஸ்பரம்’ என்பதை மனத்துக்குள் சேர்த்துப் படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கண்ணெதிரே இருந்தும் காணப்படாமல் போவது குறித்த அவருடைய கட்டுரையை அடுத்து எடுத்துக்கொள்ளலாம். பிரபுக்கள் தம் பணியாட்களின் முன்னிலையில் கூச்சமின்றி ஆடை களைந்ததை அதில் நினைவூட்டுகிறார். பணியாள் அந்த அறையிலேயே நிற்கிறார், பிரபுவின் கண்ணுக்கும் படுகிறார். ஆனால் கூச்சப்பட வேண்டிய அளவுக்கு அங்கே ஒரு மனிதர் இருப்பதாக அந்தப் பிரபு கருதவில்லை. இந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டால், பார்ப்பதும் அங்கீகரிப்பதும் ஏன் வேறுவேறு என்பது எந்த விளக்கமும் இல்லாமலே தெளிவாகும்.

இதன் பிறகு அவர் பணியாற்றிய இடங்களைப் பார்ப்பது பயன் தரும். 1949இல் எஸ்ஸென் நகரில் பிறந்த அவர், 1996இல் ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவவாதி ஹாபர்மாஸ் வகித்த பேராசிரியர் இருக்கைக்கு வந்தார். 2001 முதல் 2018 வரை, முந்தைய தலைமுறைச் சிந்தனையாளர்களான அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் வழிநடத்திய சமூக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். உரையாடலின் விதிகள் மீறப்படுவதை முன்வைத்தே ஹாபர்மாஸ் சமூகத்தை விமர்சித்தார். பாதிக்கப்பட்டவர்களோ அநீதியை விதிமீறலாக உணர்வதில்லை, தங்கள்மீது விழுந்த காயமாகவே உணர்கிறார்கள் என்பது ஹொன்னெத்தின் மறுப்பு. என் கணிப்பில், முன்னவரிடமிருந்து அவர் உண்மையாக விலகும் இடம் இதுதான்.

அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃபிரேசருடன் சேர்ந்து 2003இல் வெளியிட்ட விவாத நூலை அவசரப்படாமல் படியுங்கள். வளப் பகிர்வை அங்கீகாரத்துக்குள் அடக்கிவிட முடியாது என்று ஃபிரேசர் வாதிட, கூலிக்கான போராட்டமே யாருடைய உழைப்புக்கு என்ன மதிப்பு என்பதற்கான போராட்டம்தான் என்று ஹொன்னெத் பதில் சொல்கிறார். வீட்டு வேலை ஏன் நெடுங்காலம் வேலையாகவே எண்ணப்படவில்லை என்று கேட்டால் அவர் பக்கம் வலுவாகத் தெரிகிறது. தொலைதூர நிதிச் சந்தையின் ஒரு முடிவால் ஆலை மூடப்படும்போது ஃபிரேசரின் பக்கமே சரியெனப்படுகிறது. இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு படித்தால் விவாதம் உயிர்பெறும்.

‘சுதந்திரத்தின் உரிமை’ (2011) மிகப் பெரிய நூல் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 2023இல் வந்த ‘உழைக்கும் இறையாளர்’ நூலைப் படித்துவிடலாம்; இறையாளர் என்பது இங்கே மக்களாட்சியில் இறையாண்மை கொண்ட குடிமக்களைக் குறிக்கிறது. நாள் முழுதும் சலிப்பூட்டும் வேலையில் பிறர் ஏவலுக்கு மட்டுமே இயங்கி, சோர்ந்து வீடு திரும்பும் ஒருவருக்குப் பொது விவாதத்தில் பங்கெடுக்க நேரமோ துணிவோ எங்கிருந்து வரும் என்று அது கேட்கிறது.