பத்மினி நின்று நின்று போனதற்குக் காரணம் ஆக்டேன் இல்லை

என் 1984 மாடல் பத்மினி கார், இருபது நிமிடம் ஓடியதும் மேட்டில் இழுக்காமல் திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

முதலில் விலை கூடிய அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டேன், அப்புறம் ஒரு பாட்டில் ஆக்டேன் பூஸ்டர். வீண் செலவு. ஆக்டேன் என்பது நாக்கிங்கை, அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் கண்ட நேரத்தில் தானாக வெடித்துத் தட்டுவதைத் தாங்கும் அளவுதான். குறைந்த கம்ப்ரெஷன் உள்ள இந்தப் பழைய எஞ்சினுக்கு 91 ஆக்டேனே தாராளம். பிளக், பாயிண்ட், காயில் மாற்றினேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினேன். ஐந்து நாள் போனது.

கழுவிய கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள். துரு என்று நினைத்தேன், காந்தத்தில் ஒட்டவில்லை. விரலில் தேய்த்தால் மை போல இழுபட்டது. ரப்பர்!

பெட்ரோலில் கலக்கிற எத்தனால் (ஒருவகை ஆல்கஹால்) பழைய ரப்பரைக் கெடுத்திருக்குமோ என்ற சந்தேகத்தில் அளவுக் குடுவையில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினேன். அடியில் தண்ணீர்க் கோடு 30-ஐ நெருங்கியது. எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும்; அதாவது ஏறக்குறைய 20% எத்தனால்.

டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்சுவர் வீங்கிக் கொழகொழவென்று இருந்தது. சூட்டில் இன்னும் இளகி, பம்ப் உறிஞ்சும்போது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனால் தாங்கும் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், ஃபில்டர் மூன்றையும் மாற்றினேன். சாதாரண பெட்ரோலிலேயே இப்போது மேடு ஏறுகிறது. மீதி பூஸ்டர் பாட்டில் அலமாரியில் கிடக்கிறது.