பழைய அமெரிக்க முறையில் பியூட்டர் கரண்டி வார்ப்பது

பியூட்டர் வார்ப்பில் பாதி வேலை அச்சைச் சூடாக்குவதுதான். பியூட்டர் என்பது பெரும்பங்கு வெள்ளீயம் கொண்ட கலப்புலோகம்; வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உலோகம் உங்களைச் சோதிக்காது, அச்சுதான் சோதிக்கும்.

அமெரிக்கா இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த குடியேற்றக் காலத்துக் கைவினைஞர்களையும் அச்சுதான் ஆட்டிவைத்தது. வெண்கல அச்சு விலை கூடியது. கனெக்டிகட்டின் டான்ஃபோர்த் குடும்பம் போன்றவர்களிடம் தொழில் தலைமுறை தலைமுறையாக இறங்கியது. அச்சும் அப்படியே கைமாறியது. இங்கிலாந்து செய்து முடித்த பாத்திரத்தை அமெரிக்காவுக்குத் தீர்வையின்றி அனுப்பியது, வெள்ளீயக் கட்டிக்கு மட்டும் தீர்வை போட்டது. அதனால் உடைந்த தட்டும் வளைந்த கரண்டியுமே மறுபடி சட்டிக்குள் போயின. அக்காலப் பொருள்கள் இன்று மிகக் குறைவாகக் கிடைப்பதற்கு இதுவே பெரிய காரணம். வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் கிடைத்த ஒரு கரண்டியில் ஜோசப் கோப்லண்ட், சக்கடக், 1675 என்று, செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் கொண்ட முத்திரை இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இவ்வளவாவது தப்பியதே என்றுதான் தோன்றும்.

பழைய சாமானை நீங்கள் உருக்க வேண்டாம். அதில் காரீயம் கலந்திருக்கலாம்; முத்திரையும் அழிந்துபோகும். 92 பங்கு வெள்ளீயம், 6 பங்கு ஆன்டிமனி என்னும் தனிமம், 2 பங்கு செம்பு என்ற அளவில் ஆயத்தமாக வரும் கட்டியை வாங்குங்கள். ஒரு கரண்டிக்குச் சிறிதளவே போதும் என்றாலும் அரைக் கிலோவாவது உருக்குங்கள். கொஞ்சமாக உருக்கினால் அகப்பைக்கு வருமுன்பே சூடு இறங்கிவிடும்.

இரண்டு பாதி அச்சின் உட்புறத்தை மெழுகுவத்திச் சுடர்மேல் காட்டி மெல்லிய புகைக்கரி படியவிடுங்கள். உலோகம் சட்டென்று உறையாமல் ஓட இது உதவும். தடித்துப் படிந்தால் கரண்டியின் முகம் சொரசொரக்கும். அக்கால வார்ப்பவர்கள் காவிமண்ணை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்தும் பூசினார்கள். அப்படிப் பூசினால் முழுக்கக் காயவிடுங்கள். அச்சிலோ அகப்பையிலோ கட்டியிலோ ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நீராவி உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

உலோகம் 300 முதல் 330 டிகிரிக்குள் இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால் காய்ந்த பைன் குச்சியை நுழைத்துப் பாருங்கள்: பழுப்பேறினால் சரி, தீப்பிடித்தால் அதிகம். அதிகச் சூட்டில் கசடு வேகமாகக் கூடும். அதை அப்படியே வழித்து எறியாதீர்கள், அதில் நல்ல வெள்ளீயம் கலந்திருக்கும். சிறிது குங்கிலியம் போட்டுக் கிளறிய பின் மிஞ்சுவதை மட்டும் எடுங்கள்.

அச்சைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, நிரம்ப நிரம்ப நிமிர்த்தி, ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள். இடையில் நிறுத்தினால் அந்த இடத்தில் தழும்புக்கோடு விழும். முதல் மூன்று நான்கு கரண்டிகள் நுனி வராமல் அரைகுறையாகத்தான் வரும். அவை அச்சைச் சூடாக்கவே. திரும்பச் சட்டியில் போடுங்கள். பிறகு அச்சு மிகையாகச் சூடேறினால் முகம் பனி படர்ந்ததுபோல் மங்கும், கிண்ணமும் காம்பும் சேரும் கழுத்தில் குழி விழும். உலோகம் அங்கேதான் தடிப்பு, கடைசியில் உறைவதும் அங்கேதான். ஈரத்துணியை அச்சின் வெளிப்புறத்தில் மட்டும் ஒற்றிச் சூட்டைக் குறையுங்கள். அச்சில் ஊற்றும் துளையின் வாயில் நிற்கும் உலோகம் பளபளப்பு இழந்து ஐந்தாறு நொடி கழிந்த பிறகே அச்சைத் திறவுங்கள். அவசரப்பட்டால் கழுத்து முறியும்.

அந்த வாயில் உறைந்த துண்டைக் குறடால் வெட்டி, ஓரப் பிசிறை அரத்தால் தேயுங்கள். பியூட்டர் அரத்தின் பல்லில் ஒட்டிக்கொள்ளும். சாக்குக்கட்டியை அரத்தில் தேய்த்தால் ஒட்டாது. பிறகு சோப்புத் தண்ணீர் தொட்டு, வழவழப்பான எஃகுக் கோலால் அழுத்தி மெருகிடுங்கள். ஆன கரண்டியை அடுப்பிலிருக்கும் பாத்திரத்துக்குள் விட்டுவைக்காதீர்கள். தண்ணீர் வற்றினால் உருகிவிடும்.