ஆங்கிலத்தில் ‘வேணுங்க’ சொல்வது எப்படி?

“கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க” என்று சொல்லும்போது எத்தனை அங்குலம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் ‘கொஞ்சம்’ அளவு சொல்ல வந்ததல்ல, கேட்கிற குரலை இளக்க வந்தது. ஆங்கிலத்திலும் இந்த வேலைக்கென்றே சில வினையடைகள், அதாவது அட்வெர்ப்கள், இருக்கின்றன. ஐந்தாறு சொற்கள்தான். எதை எங்கே வைப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

படி 1: ‘வான்ட்’டை ஒதுக்கி வையுங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு போன் மீட்டிங்கில், “ஐ வான்ட் த ரிப்போர்ட் டுடே” என்றேன். எதிர்முனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. “என்ன, கோபமா?” என்று பக்கத்தில் இருந்தவர் அப்புறம் கேட்டார். எனக்கு என்ன கோபம்? மனதுக்குள் “இன்னிக்கே வேணுங்க” என்றுதான் சொல்லியிருந்தேன்.

சிக்கல் அந்த ‘ங்க’வில் இருக்கிறது. தமிழில் மரியாதையை அது சுமக்கிறது. ‘வேணுங்க’வை அப்படியே ‘வான்ட்’ ஆக்கினால் ‘ங்க’ வழியிலேயே விழுந்துவிடும். நண்பர்களிடம் ‘வான்ட்’ தப்பில்லை. மற்றவர்களிடம் “ஐட் லைக்” என்று தொடங்குங்கள். ‘ஐ வுட் லைக்’ என்பதன் சுருக்கம் அது.

அந்த ‘ட்’டை விழுங்கிவிடாதீர்கள். ‘வண்டி’ என்பதில் வருகிற மென்மையான ஒலிதான், லேசாக நாக்கைத் தொட்டால் போதும். “ஐ லைக் எ விண்டோ சீட்” என்றால் எனக்கு ஜன்னலோர இடம் பொதுவாகப் பிடிக்கும் என்று பொருள். “ஐட் லைக் எ விண்டோ சீட்” என்றால்தான் அந்த இடத்தைக் கேட்கிறீர்கள்.

படி 2: ‘ரொம்ப’வுக்கு ‘வெரி’ போடாதீர்கள்

“உங்க வகுப்பில் சேர ரொம்ப ஆசை” என்று சொல்ல வேண்டும். ரொம்ப என்றால் வெரி என்று பள்ளியிலேயே மனதில் பதிந்துவிட்டதால், “ஐட் வெரி லைக்” என்று வாய் தானாகப் போகும். அது தவறு. ‘வெரி’ தனியாக வினைச்சொல்லோடு ஒட்டாது. ‘ரியலி’ ஒட்டும்:

“ஐட் ரியலி லைக் டு ஜாயின் யுவர் க்ளாஸ்.”

இடத்தைக் கவனியுங்கள்: ‘ஐட்’டுக்கும் ‘லைக்’குக்கும் நடுவில். ‘வெரி’யை விட மனமில்லையென்றால் ‘மச்’சைத் துணைக்குச் சேர்த்து “ஐட் வெரி மச் லைக் டு ஜாயின்” என்று சொல்லலாம். கொஞ்சம் சம்பிரதாயமாக ஒலிக்கும், நேர்முகத் தேர்வுக்குப் பொருந்தும்.

யாராவது உங்களை அழைத்து, நீங்கள் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்கிறீர்கள் என்றால் “ஐட் அப்சலூட்லி லவ் டு!” என்பது அழகு. ஆனால் ‘அப்சலூட்லி லைக்’ வேண்டாம். ‘அப்சலூட்லி’ ஏற்கெனவே அழுத்தமாக இருக்கிற சொற்களோடுதான் சேரும்.

ஒரு எச்சரிக்கை. “ஐட் ரியலி லைக் எ ரிப்ளை டுடே” என்பதில் ‘ரியலி’யை இழுத்து அழுத்தினால் பணிவு போய்ப் பொறுமையின்மைதான் கேட்கும். அழுத்தத்தை ‘ரிப்ளை’ மேல் வையுங்கள்.

படி 3: நம்ம ‘கொஞ்சம்’

இதை ‘லிட்டில்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் நிறையப் பேர். இந்த இடத்தில் அதற்கு ஈடு ‘ஜஸ்ட்’, ‘பாசிப்லி’ இரண்டும்தான்.

“ஐட் ஜஸ்ட் லைக் டு ஆஸ்க் ஒன் திங்.” ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கிறேங்க.

“குட் (could) ஐ பாசிப்லி லீவ் எர்லி டுடே?” இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பலாமுங்களா?

‘பாசிப்லி’ எழுவாய்க்குப் பிறகு, வினைக்கு முன்னால். பெரிய உதவி கேட்கும்போது மட்டும் எடுங்கள். ஒரு பேனா கேட்பதற்கெல்லாம் ‘பாசிப்லி’ போட்டால் கிண்டல் செய்வதாக நினைத்துவிடுவார்கள்.

படி 4: மறுக்கும்போது

முகத்தில் அடித்த மாதிரி இல்லாமல் மறுக்க “ஐட் ராதர் நாட்” போதும். நீட்டினால் “ஐட் ராதர் நாட் கோ டுடே”. இங்கே ‘டு’ வராது. ‘ஐட் ப்ரிஃபர் நாட் டு கோ’ என்றால் வரும். இரண்டையும் கலக்காதவரை சரி. போவதா இருப்பதா என்பதுபோல் இரண்டு வழிகளில் ஒன்றையே அதிகம் விரும்பினால் ‘மச்’ சேர்க்கலாம்: “ஐட் மச் ராதர் ஸ்டே ஹோம்.”

இதைவிட முக்கியமானது, ஒரே சொல் இடம் மாறினால் ஆகிற வம்பு:

“ஐ டோன்ட் ரியலி வான்ட் டு கோ” – போக அவ்வளவாக விருப்பமில்லை.

“ஐ ரியலி டோன்ட் வான்ட் டு கோ” – போக எனக்குச் சுத்தமாக இஷ்டமில்லை.

‘டோன்ட்’டுக்குப் பின்னால் வந்தால் மறுப்பு இளகுகிறது. முன்னால் வந்தால் இறுகுகிறது. மேலதிகாரியிடம் எதைச் சொல்வீர்கள்?

படி 5: வாக்கியத்தின் தலையில்

பேரம் பேச இடம் விட்டுக் கேட்க ‘ஐடியலி’ நல்ல சொல். “ஐடியலி, ஐட் லைக் டு ஸ்டார்ட் ஆன் மண்டே.” திங்கள் என்றால் நல்லது, இல்லையென்றாலும் பேசலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

‘கைண்ட்லி’யைப் பற்றியும் கேட்பீர்கள். நம் அலுவலகக் கடிதங்களில் அது மரியாதைச் சொல். பிற நாட்டவர் பலருக்குப் பேச்சில் அது உத்தரவு போலவோ எரிச்சல் போலவோ கேட்கும். பேசும்போது “குட் யூ ப்ளீஸ்” என்றே சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் முறை

“ஐ வான்ட் டு டாக் டு த மேனேஜர்” என்பதை எடுத்துக்கொள்வோம். ‘வான்ட்’ போய் “ஐட் லைக் டு டாக் டு த மேனேஜர்”. அவசியத்தைக் காட்ட “ஐட் ரியலி லைக் டு டாக் டு த மேனேஜர்”. அவர் வேலையாக இருப்பது தெரிந்தால் “குட் ஐ பாசிப்லி டாக் டு த மேனேஜர்?”

மூன்றையும் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் இரண்டில் அந்த ‘ட்’ காதில் விழவில்லையென்றால் படி ஒன்றுக்கே திரும்பிப் போங்கள்.