பல பத்தாண்டுகளுக்கு முன் காணாமற்போன பிள்ளைக்கு ஒரு கோப்பைத் தொகுப்பது எப்படி: திருகோணமலைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ரியூசனுக்குப் போன பிள்ளை, கோயிலுக்குப் போன பிள்ளை, மூதூர் லோஞ்சில் (பயணிகள் படகில்) ஏறியதைக் கண்டதாக யாரோ சொன்ன பிள்ளை என்று, பதினைந்து பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியேறித் திரும்பி வராத பெண் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு நம் மாவட்டத்தில் இன்றும் ஓயவில்லை. இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அப்படியொருவரைத் தேட முனையும் சகோதரர்களும் மருமக்களும் பெரும்பாலும் முதலில் ஏதாவதொரு அலுவலகத்தின் படியில்தான் ஏறுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. அலுவலகத்துப் புத்தகம் இன்னும் சில மாதங்கள் இறாக்கையில் கிடக்கும். எண்பது வயதைத் தாண்டிய பெரியம்மாவின் நினைவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆகவே முதல் வேலை சாட்சிகளிடம் போவதுதான்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். குடும்பமாகக் கூடியிருந்து பேசினால், உரத்துப் பேசுபவரின் நினைவே எல்லோருடைய நினைவாகவும் மாறிவிடும். முதலில் குறுக்கிடாமல் சொல்லவிட்டு, அதன் பிறகே கேள்வி கேளுங்கள், "நீல நிறச் சட்டைதானே போட்டிருந்தாள்?" என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். எழுதும்போது, அவர் தம் கண்ணால் கண்டதையும், இன்னொருவர் சொல்லக் கேட்டதையும், தாமாக ஊகித்ததையும் வெவ்வேறு பக்கங்களில் எழுதுங்கள். கேட்டதென்றால் யாரிடம், எப்போது கேட்டார் என்பதும் வேண்டும். என் அனுபவத்தில், ஊரே அறிந்த கதை என்று சொல்லப்படுவதைப் பின்தொடர்ந்து போனால் அது பெரும்பாலும் ஒரே ஒருவரின் வாயில் போய் முடிகிறது. முக்கியமான வாக்குமூலங்களை, சொன்னவரின் சம்மதத்துடன், சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியாக (சத்தியம் செய்து கையொப்பமிடும் எழுத்து வாக்குமூலமாக) முடித்துக்கொள்ளலாம். அயலவர்களில் பலர் 1983இலும் 1990இலும் இடம்பெயர்ந்து தமிழகத்துக்கோ அதற்கும் அப்பாலோ போய்விட்டார்கள் என்றாலும், கைபேசி அழைப்பில் எடுக்கும் வாக்குமூலத்துக்கும் இதே ஒழுங்குதான். அந்தக் காலத்தில் ஒழுங்கையில் யார் யார் குடியிருந்தார்கள் என்பது மறந்துபோயிருந்தால், அவ்வாண்டுக்குரிய வாக்காளர் இடாப்பு கிடைக்குமா என்று மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். காணாமற்போன பிள்ளையின் பெயர் வயது காரணமாக அதில் இராது, ஆனால் அயல்வீட்டுப் பெரியவர்களின் பெயர்கள் இருக்கும்.

அடுத்ததாக, கடைசி நாளை நிலைப்படுத்த வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான கோப்புகள் பலவீனப்படுகின்றன. நம் மக்கள் திகதியால் நினைவு வைத்திருப்பது குறைவு. பத்திரகாளி அம்பாள் திருவிழாவுக்கு முந்திய கிழமை, சாதாரண தரப் பரீட்சை முடிந்த அடுத்த நாள், மாசிமகத்தன்று என்றே சொல்வார்கள். அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தால் இவற்றில் பலவற்றைத் திகதியாக மாற்றிவிடலாம்; ஆனால் வாக்கியம், திருக்கணிதம் என்ற இருவகைக் கணிப்புப் பஞ்சாங்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிழமையும் ஏமாற்றும். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை, சந்திரனின் நிலையைக் கொண்டு கணிக்கப்படும் போயா நாட்களே விடுமுறையாக இருந்தன. அந்தக் காலத்துச் சம்பவமொன்றில் "பள்ளிக்கூடம் இல்லாத நாள், ஆகவே ஞாயிறு" என்று ஒருவர் கணக்கிட்டுச் சொன்னால் அந்தக் கணக்கு பிழைக்கக்கூடும்.

நேரத்திலும் இதேபோன்ற ஒரு சிக்கல் உண்டு. 1996 மே மாதம் இலங்கையின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரைமணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே பின்பற்றப்பட்டது. எனவே அன்று புலிகளின் பகுதியாக இருந்த சம்பூரில் ஒருவர் கண்ட ஐந்து மணியும் நகரில் ஒருவர் கண்ட ஐந்து மணியும் ஒரே பொழுதாக இருந்திருக்க வேண்டியதில்லை. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்கத் தவறிய ஒரு வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு, ஒருவரைப் பொய் சொன்னவர் என்று தீர்மானித்துவிட வேண்டாம்.

வழியையும் அன்றிருந்தபடியே வரையுங்கள். கைபேசியில் இப்போது தெரியும் வீதிகளை நம்ப முடியாது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது; அதற்கு முன் பாதையில் (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவையில்) ஏறித்தான் கடக்க வேண்டும் என்பதால், கடைசிப் பாதை எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்ற ஒரே தகவல் ஒரு முழு ஊகத்தைத் தள்ளுபடி செய்யவோ உறுதிப்படுத்தவோ போதுமானதாக இருக்கலாம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓர் அங்குல வரைபடம் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுவது) கிடைத்தால், அதன் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டு சாட்சிகளிடம் போங்கள்.

இவ்வளவும் கையில் இருக்கும்போது ஆவணங்களைத் தேடலாம். பாடசாலையின் சேர்வு இடாப்பில் பிள்ளை விலகிய திகதி எழுதப்பட்டிருக்கும். யாரேனும் பின்னர் வந்து விடுகைப் பத்திரம் (பாடசாலையை விட்டு விலகியதற்கான சான்றிதழ்) வாங்கிச் சென்றார்களா என்பதையும் கேளுங்கள், ஏனெனில் அது தேடலின் திசையையே மாற்றக்கூடிய தகவல். பொலிஸில் அன்று போட்ட முறைப்பாட்டின் பிரதி வீட்டில் இல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். "அந்தக் காலத்துப் புத்தகம் இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாமல், அதையே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மேன்முறையீட்டுக்கு அது தேவைப்படும். அக்காலப் பத்திரிகைகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், ஒரு பகுதியை இணையத்தில் 'நூலகம்' (noolaham.org) என்ற தளத்திலும் பார்க்கலாம். காணவில்லை அறிவித்தலை மட்டும் தேடாமல், அந்த வாரத்து விபத்துச் செய்திகளையும் அடையாளம் தெரியாத உடல்கள் பற்றிய செய்திகளையும் வாசியுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது காணாமற்போன சூழலைப் பொறுத்தது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், போர், அரசியல் அமைதியின்மை, வலிந்து காணாமலாக்கப்படுதல் ஆகியவற்றோடு தொடர்புடையவற்றையே கையாள்கிறது. வீட்டுப் பிரச்சினையாலோ தனிமனிதர் ஒருவரின் குற்றத்தாலோ மறைந்த பிள்ளையின் விடயம் பொலிஸுக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கும் உரியது. எதுவென்று தெரியாவிட்டால் இரண்டு இடத்திலும் பதியுங்கள். காணாமற்போனோர் பற்றி விசாரித்த 1994இன் ஆணைக்குழு, 2013இன் ஆணைக்குழு என்று குடும்பத்தார் முன்னர் எங்கெங்கு முறையிட்டார்களோ அந்த இலக்கங்களையும், பெயர் எழுதப்பட்ட விதங்களையும் இணைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் ஒரு கடுமையான எல்லையும் உண்டு. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, கொலைக்கும் இராஜத்துரோகத்துக்கும் கால எல்லை கிடையாது. தனிச் சட்டத்தில் வேறு ஏற்பாடு இல்லாத ஏனைய குற்றங்களுக்கு 20 ஆண்டுகளோடு வழக்குத் தொடரும் உரிமை முடிந்துவிடும். ஆகவே பழைய விடயமொன்றைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோகும்போது, கடத்தல் என்று மட்டும் எழுதிச் செல்வதா, கொலை என்று சந்தேகிக்க ஆதாரம் இருக்கிறதா என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கண்டெடுக்கப்படும் எச்சங்களோடு ஒப்பிட உதவும் மரபணு விடயத்தில் தாயாரே முதன்மையானவர். தாய்வழி மரபணு தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதால், அவர் இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்களும் தாயின் சகோதரிகளும் உதவுவார்கள். வீட்டில் நாமாக எடுத்துவைக்கும் மாதிரிக்கு நீதிமன்றத்தில் பெறுமதி குறைவு. தாயார் தளர்ந்திருந்தால் முறைப்படி மாதிரி எடுக்க விரைந்து கோரிக்கை விடுங்கள். பிள்ளையின் சீப்போ பாற்பல்லோ மிஞ்சியிருந்தால் கடதாசி உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிவிடும்.

படத்தையும் விபரத்தையும் சமூக வலைத்தளத்தில் இடுமுன், ஒரேயொரு அடையாளத்தை, ஒரு தழும்பையோ வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரையோ, வெளியிடாமல் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் பிள்ளையைக் கண்டேன், பணம் அனுப்புங்கள்" என்று வரும் அழைப்புகளை அதைக் கொண்டே சோதிக்க முடியும். சந்தேகத்துக்குரியவரின் பெயரை அங்கே எழுதக் கூடாது. அவதூறு வழக்கு ஒருபுறமிருக்க, சாட்சிகளும் அத்துடன் வாய் மூடிவிடுவார்கள்.

பிள்ளை தானாகவே போயிருக்கவும் கூடும். அப்படியென்றால் அவர் இன்று நடுவயதுப் பெண். தன் குடும்பம், தன் காரணங்கள் உள்ளவர். செஞ்சிலுவை இயக்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புச் சேவை கண்டுபிடிக்கப்பட்டவரின் சம்மதமின்றி முகவரியைத் தராது என்பதை முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். உயிரோடு இருக்கிறார், தொடர்பு வேண்டாம் என்கிறார் என்ற பதில் வந்தால், வந்த திகதியையும் தந்தவரையும் கோப்பில் எழுதி, இணையத்தில் இட்ட படங்களை அன்றே நீக்கிவிட்டு, அவர் விரும்பினால் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கத்தை மட்டும் அதே இடைநிலையாளரிடம் கொடுத்துவையுங்கள்.