கிளவுட் சேவையின் பாதுகாப்புச் சான்றிதழைப் படிப்பது எப்படி

ஒரு கிளவுட் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்நிறுவனத்தின் இணையதளத்தில் வரிசையாக இருக்கும் சான்றிதழ் முத்திரைகளைப் பார்த்துவிட்டு, பாதுகாப்பு விஷயத்தில் குறையில்லை என்று முடிவுக்கு வந்துவிடுபவர்கள் பலர். முத்திரையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தச் சேவையை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த அளவுகோலின்படி, யார் சோதித்தார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கான விடை, அந்த முத்திரைக்குப் பின்னால் இருக்கும் ஆவணத்தில்தான் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படிப்பதே முதல் வேலை.

படிக்கத் தொடங்கும் முன், கையில் இருப்பது சட்டமா, தரநிலையா, தணிக்கை அறிக்கையா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர், தனிநபர் தரவைக் காக்கும் ஒரு சட்டம். மருத்துவத் தகவல்களைக் காக்கும் விதிகளுக்கு அடிப்படையான, அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட ஹிப்பாவும் சட்டமே. ஒரு நிறுவனம் தன்னை 'ஹிப்பா சான்றிதழ் பெற்றது' என்று விளம்பரப்படுத்தினால், அப்படியொரு சான்றிதழை அமெரிக்க அரசு வழங்குவதும் இல்லை, அங்கீகரிப்பதும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத் தரவைக் கையாளும் சேவையிடம், அச்சட்டம் கோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயாரா என்று கேட்பதே சரியான கேள்வி. தயங்கும் சேவையில் நோயாளிகளின் தரவை வைக்கக் கூடாது.

தரநிலைகளில் பரவலாக அறியப்பட்டது, சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிடும் ஐஎஸ்ஓ 27001. இது ஒரு குறிப்பிட்ட மென்பொருள் பாதுகாப்பானது என்று சொல்வதில்லை. தகவல் பாதுகாப்பை நிர்வகிக்க முறையான ஏற்பாடு இருக்கிறது, அபாயங்கள் மதிப்பிடப்படுகின்றன, அவற்றைக் குறைக்கச் செய்யும் ஏற்பாடுகளான கட்டுப்பாடுகள் கண்காணிக்கப்படுகின்றன என்றுதான் சொல்கிறது. சான்றிதழை வழங்குவதும் ஐஎஸ்ஓ அமைப்பு அல்ல, அங்கீகாரம் பெற்ற தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள். ஆகவே சான்றிதழில் அந்த அங்கீகாரத்தின் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் 114 கட்டுப்பாடுகள் இருந்தன. 2022 பதிப்பு அவற்றை 93ஆக மறுசீரமைத்தது. புதிய பதிப்புக்கு மாறுவதற்கான கால அவகாசம் 2025 அக்டோபர் 31உடன் முடிந்துவிட்டதால், இன்னும் 2013 என்ற ஆண்டைக் காட்டும் சான்றிதழை ஏற்க வேண்டியதில்லை. சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்கும்.

ஐஎஸ்ஓ சான்றிதழில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது, அது நிறுவனத்தின் எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்ற எல்லையை வரையறுக்கும் ஒற்றை வாக்கியம். ஒருமுறை ஒரு சேவை நிறுவனம் அனுப்பிய சான்றிதழில் எண், தேதி, கையொப்பம் எல்லாம் சரியாகவே இருந்தன. எல்லை வாக்கியமோ தலைமை அலுவலகத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவை மட்டும் குறிப்பிட்டது. நாங்கள் வாங்கவிருந்த தரவுச் சேமிப்புச் சேவை அதற்குள் வரவே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, சான்றிதழும் உண்மையானதுதான், ஆனால் எங்கள் தேவைக்கு அது பயன்படாது. அன்றிலிருந்து எல்லை வாக்கியத்தைப் படித்த பிறகே மற்றவற்றைப் பார்க்கிறேன். சான்றிதழோடு, 93 கட்டுப்பாடுகளில் எவை பொருந்தும், எவை காரணத்தோடு விலக்கப்பட்டன என்று காட்டும் பொருந்துகை அறிக்கையையும் கேளுங்கள். கிளவுடுக்கெனக் கூடுதல் வழிகாட்டுதல் தரும் ஐஎஸ்ஓ 27017, பொதுக் கிளவுடில் தனிநபர் தரவைக் காப்பது பற்றிய ஐஎஸ்ஓ 27018 ஆகியவையும் எல்லைக்குள் இருந்தால் நல்லது.

அடுத்தது சாக் 2. என் கணிப்பில், படிக்கத் தெரிந்தவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகத் தகவல் தருவது இதுதான். அமெரிக்கக் கணக்காளர் அமைப்பான ஏஐசிபிஏ வகுத்த அளவுகோல்களின்படி ஒரு தணிக்கை நிறுவனம் தரும் அறிக்கை இது. கண்டிப்பாகச் சொன்னால் சான்றிதழே அல்ல. பாதுகாப்பு, கிடைக்கும் தன்மை, செயலாக்கத்தின் நேர்மை, இரகசியம் காத்தல், தனியுரிமை என்ற ஐந்து வகைகளில் பாதுகாப்பு மட்டுமே கட்டாயம். சேவை தடையின்றி இயங்குவது உங்களுக்கு உயிர்நாடி என்றால், 'கிடைக்கும் தன்மை' அறிக்கையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் வகை அறிக்கை, கட்டுப்பாடுகள் ஒரு குறிப்பிட்ட நாளில் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்பதை மட்டும் சொல்லும். இரண்டாம் வகை, அவை சில மாதங்களாக, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, உண்மையிலேயே இயங்கினவா என்பதைச் சோதித்துச் சொல்லும். முடிந்தவரை இரண்டாம் வகையையே கேளுங்கள்.

அறிக்கை நூறு பக்கங்களைத் தாண்டலாம், ஆனால் படிக்க வேண்டிய வரிசை தெரிந்தால் ஒரு மாலைப் பொழுது போதும். முதலில் தணிக்கையாளரின் கருத்து. 'குவாலிஃபைட்' என்ற சொல் அன்றாடப் பேச்சில் தகுதி பெற்றதைக் குறிக்கும். தணிக்கை மொழியில் அதற்கு நேர்மாறாக, சில குறைகளுக்கு உட்பட்டே கருத்துத் தரப்படுகிறது என்று பொருள். பலர் தடுமாறும் இடம் இது. அடுத்து, சோதனைகளும் முடிவுகளும் அட்டவணையாக வரும் பகுதிக்குச் சென்று, விலகல், அதாவது கட்டுப்பாடு சரியாக இயங்கவில்லை, என்று குறிக்கப்பட்ட வரிகளைத் தேடுங்கள். உதாரணமாக, வேலையை விட்டுச் சென்ற 25 பேரின் கணக்குகளைச் சோதித்ததில் 2 பேருடையவை உரிய நேரத்தில் முடக்கப்படவில்லை என்று ஒரு வரி இருக்கலாம். அதை வைத்து மட்டும் சேவையை நிராகரிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டும் வாடிக்கையாளர்களுக்காக நேரடியாக இயங்கும் அமைப்புக்குள் நுழையக்கூடிய கணக்குகளா, முடக்கும் வரை யாராவது பயன்படுத்தினார்களா, இப்போது என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விலகலே இல்லாத அறிக்கையைவிட, விலகலுக்கு நேர்மையான விளக்கம் தரும் நிறுவனத்தை நான் அதிகம் நம்புவேன்.

அதே அறிக்கையில், வாடிக்கையாளர் தம் பக்கம் செய்ய வேண்டிய கட்டுப்பாடுகளின் பட்டியலும் இருக்கும். பெரும்பாலோர் இதைப் படிப்பதே இல்லை. பல அடுக்கு அடையாளச் சரிபார்ப்பை இயக்குவது, தேவையற்ற பயனர்களை நீக்குவது, மறையாக்கச் சாவிகளைப் பாதுகாப்பது போன்றவை அதில் வரும். சேவை நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் நோக்கத்தை நிறைவேற்றுகின்றன என்ற முடிவே, நீங்கள் இவற்றைச் செய்வீர்கள் என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. நீங்கள் வாங்கும் சேவை வேறொரு பெரிய கிளவுடின் மீது இயங்கினால், அந்த அடித்தள நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் அறிக்கையிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அடித்தள நிறுவனத்தின் அறிக்கையைத் தனியே பார்க்க வேண்டும்.

இந்தப் பொறுப்புப் பங்கீடு எவ்வளவு கனமானது என்பதற்கு 2019இல் கேப்பிடல் ஒன் வங்கியில் நடந்த தரவுத் திருட்டு போதும். அவ்வங்கி பயன்படுத்திய அமேசான் கிளவுடுக்குச் சான்றிதழ்கள் இல்லாமலில்லை. வங்கியின் பக்கம், வலைச் செயலிக்கு வரும் கோரிக்கைகளை வடிகட்டும் ஒரு தடுப்புச் சுவர் தவறாக அமைக்கப்பட்டிருந்தது. அதன் வழியே கிடைத்த அனுமதிகளைக் கொண்டு சேமிப்புக் கிடங்குகளிலிருந்து தரவு நகலெடுக்கப்பட்டது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேரும் கனடாவில் சுமார் 60 இலட்சம் பேரும் பாதிக்கப்பட்டனர். 2020இல் அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு விதித்த 8 கோடி டாலர் அபராதத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, கிளவுடுக்கு மாறும் முன் அபாய மதிப்பீட்டைச் சரிவரச் செய்யவில்லை என்பது.

அட்டைப் பணப்பரிவர்த்தனையைத் தொடுபவர்களுக்குப் பிசிஐ டிஎஸ்எஸ் பொருந்தும். பன்னிரண்டு தலைப்புகளில் தேவைகளை அடுக்கும் இத்தரநிலையின் 4.0 பதிப்பு 2022 மார்ச்சில் வெளியானது. அதில் எதிர்காலத் தேதியிட்டு வைக்கப்பட்டிருந்த தேவைகள் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாகிவிட்டன. கிளவுட் நிறுவனம் இணக்கம் பெற்றிருந்தால் உங்கள் செயலியும் தானாக இணக்கம் பெற்றுவிடாது. எந்தத் தேவை அவர்களுடையது, எது உங்களுடையது, எது இருவருக்கும் பொதுவானது என்று வரிசை வரிசையாகப் பிரித்த பொறுப்பு அட்டவணையை அவர்களிடமிருந்து வாங்கி, உங்கள் வரிசைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை எழுதுங்கள். குழுவின் பெயரை எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். ஆளின் பெயரை எழுதுங்கள். அமெரிக்க அரசுத் துறைகளுக்கான ஃபெட்ராம்ப் அனுமதியையும், கிளவுட் பாதுகாப்புக்கான அமைப்பான கிளவுட் செக்யூரிட்டி அலையன்ஸ் நடத்தும், கிளவுட் நிறுவனங்களின் பாதுகாப்பு மதிப்பீடுகள் அடங்கிய ஸ்டார் பதிவேட்டையும் பொதுவெளியிலேயே சரிபார்க்கலாம். ஸ்டாரில் முதல் நிலை நிறுவனம் தானே செய்துகொள்ளும் மதிப்பீடு என்பதை மட்டும் மறவாதீர்கள்.

எல்லாவற்றையும் படித்தபின் ஓர் எளிய விரிதாள் போதும்: சேவையின் பெயர், ஆவணம், எல்லை, உள்ளடங்கிய காலம், கண்ட விலகல்கள், நம் பக்கத்துப் பணிகள், அடுத்த அறிக்கை வர வேண்டிய தேதி. சாக் 2 அறிக்கையின் காலம் முடிந்து புதியது வரும் வரை சில மாத இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குச் சேவை நிறுவனம் இடைக்கால உறுதிக் கடிதம் தரும். அது தணிக்கையாளர் எழுதியதல்ல, நிறுவனமே எழுதித் தருவது என்பதால் மூன்று மாதங்களுக்கு மேல் அதை நம்பி இருக்க வேண்டாம். அதற்குள் புதிய அறிக்கை வராவிட்டால், தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு, வரும் பதிலை அதே வரிசையில் தேதியோடு பதிந்து வையுங்கள்.